மூன்று அட்டைகளில் ஒரே பெயர்: யார்க்‌ஷயர் தொடர்கொலை வழக்கும் புலனாய்வுப் பயிற்சியும்

1980 நவம்பர் கடைசி வாரத்தில் இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறைக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. ஐந்து வருடங்களாகப் பெண்களைக் கொன்றுகொண்டிருப்பவன் யார் என்று அதில் எழுதியிருந்தது. பெயர், முகவரி, வேலை பார்க்கும் இடம் எல்லாம் இருந்தன. பிரித்துப் படித்தவர்கள் அலட்சியமாக விட்டுவிடவில்லை. முதல் முன்னுரிமை என்று குறித்து, அதற்கென ஓர் அட்டை எழுதினார்கள். பெண் காவலர் ஒருவர் பழைய அட்டைகளைத் துழாவிப் பார்த்தபோது, அதே ஆளுக்கு ஏற்கெனவே மூன்று அட்டைகள் இருந்தன. தாள்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கோப்புத் தட்டில் வைத்தார்கள். ஐந்து வாரம் கழித்து அந்த ஆள் வேறு ஊரில் வேறு காரணத்துக்காகப் பிடிபடும் வரை அவை அந்தத் தட்டிலேயே கிடந்தன.

கடிதம் எழுதியவர் அவனுடைய பழைய நண்பர். எழுதியதோடு நிற்காமல் மறுநாளே காவல் நிலையத்துக்கு நேரில் போய்த் தன் சந்தேகத்தைச் சொன்னார். அங்கே எழுதி வைத்த அறிக்கையும் தொலைந்துபோனது.

புலனாய்வுப் பயிற்சி வகுப்புகளில் நான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கு இது. முதல் நாள் இந்தத் தட்டைப் பற்றிச் சொன்னதும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். இரண்டாம் நாள் மாலைக்குள் அந்தச் சிரிப்பு போய்விடும். அந்தக் கடிதத்தைக் கையாண்ட காவல்துறை அறையில் இருந்தவர்கள் சோம்பேறிகளும் இல்லை, முட்டாள்களும் இல்லை. இருபது வருட அனுபவசாலிகள் பலர் இருந்தார்கள். திருடனைப் பிடிக்கவும், கூட்டத்தைக் கலைக்கவும், சாட்சியைப் பேச வைக்கவும் அவர்களுக்குத் தெரியும். ஒரு விஷயத்தை மட்டும் யாரும் அவர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை: சந்தேகப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எப்படிக் கழிப்பது, எப்போது கழிக்கக்கூடாது என்பது. இந்த ஆய்வு முழுக்க அதைப் பற்றியதுதான்.

வழக்கின் சுருக்கம்

பீட்டர் சட்கிளிஃப், பிராட்ஃபோர்டில் வசித்த லாரி ஓட்டுநர். 1975 அக்டோபர் முதல் 1980 நவம்பர் வரை 13 பெண்களைக் கொன்றான், மேலும் ஏழு பெண்களைக் கொல்ல முயன்றான். பெரும்பாலும் சுத்தியலால் பின்னந்தலையில் அடித்து, பிறகு கத்தியால் குத்துவது அவன் முறை. லீட்ஸ், பிராட்ஃபோர்ட், மான்செஸ்டர், ஹடர்ஸ்ஃபீல்ட், ஹாலிஃபாக்ஸ் எனப் பல ஊர்களில் இது நடந்தது. பத்திரிகைகள் அவனுக்கு யார்க்‌ஷயர் ரிப்பர் என்று பெயர் வைத்தன. 1981 மே மாதம் லண்டனில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2020 நவம்பரில் சிறைவாசத்திலேயே இறந்தான்.

இந்த வழக்கைப் பாடமாக்குவது வேறொரு எண். பிடிபடுவதற்கு முன்பு காவல்துறை அவனை ஒன்பது முறை விசாரித்திருந்தது. ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அனுப்பிவிட்டார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

தவறுகளை ஆராய லாரன்ஸ் பைஃபோர்ட் என்ற மூத்த அதிகாரியை உள்துறை நியமித்தது. அவர் 1981இல் அறிக்கை கொடுத்தார். அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2006இல்தான். ஒரு பயிற்றுநராக என்னை உறுத்துவது இந்தத் தாமதம். தவறு நடந்த விதத்தைக் கால் நூற்றாண்டு பூட்டி வைத்தால், அடுத்த தலைமுறை எதை வைத்துப் படிக்கும்?

ஐந்து பவுண்டு நோட்டு

1977 அக்டோபர் 1ஆம் தேதி மான்செஸ்டரில் ஒரு பெண் கொல்லப்பட்டார். உடல் கிடைத்தது ஒன்பது நாள் கழித்து. அதற்குப் பிறகு அவருடைய கைப்பையும் கிடைத்தது. பையின் மறைவான உள்ளறையில் புத்தம் புதிய ஐந்து பவுண்டு நோட்டு ஒன்று இருந்தது.

கொலைகாரனுக்கு அந்த நோட்டின் ஆபத்து முதலிலேயே புரிந்துவிட்டது. தான் கொடுத்த நோட்டு தன் சம்பளக் கவரில் வந்தது, எண்ணை வைத்துத் தேடினால் தன்னிடம் வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். உடல் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி ஒரு வாரமாகியும் வராததால், 9ஆம் தேதி இரவு திரும்பப் போய் அந்த இடத்தில் தேடினான். பை கிடைக்கவில்லை.

காவல்துறை நோட்டின் எண்ணைப் பிடித்துக்கொண்டு போனது. அச்சான கட்டு எந்த வங்கிக்குப் போனது, அங்கிருந்து எந்த நிறுவனங்களின் சம்பளத்துக்குப் பிரிந்தது என்று தேடியதில், பிராட்ஃபோர்டைச் சுற்றி ஏறத்தாழ 8,000 தொழிலாளர்களில் யாருக்கு வேண்டுமானாலும் அது போயிருக்கலாம் என்று தெரிந்தது. சுமார் 5,000 பேரை விசாரித்தார்கள். அவர்களில் ஒருவன் சட்கிளிஃப். 1977 நவம்பரில் மட்டும் அவனை இரண்டு முறை பார்த்துப் பேசினார்கள்.

இங்கேதான் வகுப்பை நிறுத்துவேன். இதுவரை நடந்தது எல்லாமே நல்ல புலனாய்வு. தடயத்தைக் கவனித்திருக்கிறார்கள், சலிக்காமல் தொடர்ந்திருக்கிறார்கள், சரியான ஆளின் வாசலிலேயே போய் நின்றிருக்கிறார்கள். அப்புறம் என்ன ஆனது?

1ஆம் தேதி இரவு வீட்டில் இருந்ததாகச் சொன்னான். மனைவி ஆமாம் என்றார். 9ஆம் தேதி புது வீட்டில் விருந்து வைத்ததாகச் சொன்னான். மனைவியும் தாயும் அதை உறுதிப்படுத்தினார்கள். விருந்து நடந்தது உண்மை. தாய் பொய் சொல்லவில்லை. மனைவி பொய் சொன்னார் என்று எண்ணவும் காரணம் இல்லை. விருந்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்தது, அதனால் பெயர் பின்னுக்குப் போனது.

ஒருவன் சம்பவ இடத்தில் இல்லை என்பதை அவனுடைய வீட்டார் சொல்வதும், முன்பின் தெரியாத ஒருவர் சொல்வதும் ஒரே எடை உள்ளவை அல்ல. இது யாருக்கும் தெரியும். ஆனால் ஐயாயிரம் பேரை வரிசையாகப் பார்த்துவரும் ஒரு காவலருக்கு, அன்றைய பதினெட்டாவது வீட்டில், வாசலில் நிற்கும் மனைவி “இங்கேதான் இருந்தார்” என்றதும் அந்த வித்தியாசம் மறந்துபோகும். கையில் உள்ள படிவத்தில் அந்த வித்தியாசத்தை எழுத ஓர் இடம் இருந்தால் மட்டுமே நினைவுக்கு வரும்.

பிற்பாடு 1980 தொடக்கத்தில் மான்செஸ்டர் அதிகாரிகள் நோட்டுக்குத் திரும்பினார்கள். அந்த நாளில் வங்கியில் பணம் கட்டுக்கட்டாக எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதை மறுபடி நடத்திப் பார்த்து, ஆயிரக்கணக்கில் இருந்த பட்டியலைச் சில நூறு பேராகக் குறைத்தார்கள். அருமையான வேலை. அந்தச் சுருங்கிய பட்டியலிலும் சட்கிளிஃப் இருந்தான். மறுபடி விசாரித்தார்கள், மறுபடி விட்டார்கள்.

அட்டை அறை

லீட்ஸ் நகரின் மில்கார்த் காவல் நிலையத்தில் இருந்த வழக்கு அறையைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் ஒரு விவரம் உண்டு: சேர்ந்த காகிதத்தின் பாரம் தாங்காமல் தரையை வலுப்படுத்த வேண்டியிருந்தது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த அறை எப்படி இயங்கியது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

தெருவில் ஒரு காவலர் விசாரிக்கிறார். தாளில் எழுதுகிறார். தாள் அறைக்கு வருகிறது. ஒருவர் படித்து, அதில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அட்டை எழுத வேண்டும், அல்லது ஏற்கெனவே உள்ள அட்டையில் சேர்க்க வேண்டும். அட்டை ஏற்கெனவே இருக்கிறதா என்று கையால் தேட வேண்டும். யாரோ பார்ப்பதற்காக எடுத்துப் போயிருந்தால் அது அந்த நேரத்தில் இருக்காது. பிறந்த தேதியில் ஒரு எண் மாறினாலும், பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் புது அட்டை பிறக்கும். இப்படித்தான் ஒரே மனிதன் மூன்று மனிதனாகிறான். நோட்டு விவகாரத்தில் விசாரிக்கப்பட்டவன் ஒருவன், வண்டி எண்ணால் வந்தவன் இன்னொருவன், வேறு காரணத்தால் வந்தவன் மூன்றாமவன். தனித்தனியாகப் பார்த்தால் மூவருமே சாதாரண ஆள்கள். மூன்று அட்டையையும் ஒரு மேஜையில் அடுத்தடுத்து வைத்தால்தான் முதுகு சில்லிடும்.

விபச்சாரப் பகுதிகளில் சுற்றும் வண்டிகளின் எண்களையும் காவல்துறை மறைந்திருந்து குறித்துக்கொண்டே வந்தது. சட்கிளிஃபின் வண்டி பிராட்ஃபோர்டில் பலமுறை பதிவானது, வேறு ஊர்களிலும் பதிவானது. இதுவும் நல்ல யோசனைதான். விளைவு என்னவென்றால், காகிதம் இன்னும் கூடியது. உள்ளே வரும் தாள் ஒரு நாளைக்கு நூறு, படித்து முடிக்க முடிவது எண்பது என்றால், மீதி இருபது நாளைக்கு நாற்பதாகும். இந்தக் கணக்கைத் தலைமை அதிகாரி பார்த்தாக வேண்டும். புதிய தேடலுக்கு உத்தரவிடும் முன் “இதைப் படிக்க ஆள் இருக்கிறதா?” என்று கேட்பது அவருடைய வேலை. துப்பறிவாளர் என்றால் தெருவில் இறங்கி அலைபவர் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அட்டை எழுதும் எழுத்தரின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் குவியலைப் பார்ப்பவரையும் துப்பறிவாளர் என்று யாரும் நினைப்பதில்லை.

பைஃபோர்ட் அறிக்கை தன் கடுமையான சொற்களை இந்த அறைக்குத்தான் ஒதுக்கியது. வழக்கு முழுவதற்கும் நரம்பு மையமாக இருந்திருக்க வேண்டிய இடத்தில் படிக்கப்படாத தகவல் தேங்கியதால், ஒன்றோடொன்று சேர வேண்டியவை சேரவில்லை என்பது அதன் சாரம்.

குரல்

1978 மார்ச்சிலும் 1979 மார்ச்சிலும் கடிதங்கள் வந்தன. 1979 ஜூனில் ஓர் ஒலிநாடா வந்தது. பேசியவன் தானே கொலைகாரன் என்றான். வழக்கை நடத்திவந்த ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டைப் பெயர் சொல்லி அழைத்து, உங்களால் என்னைப் பிடிக்க முடியவில்லையே என்று கேலி செய்தான். ஓல்ட்ஃபீல்ட் அதை நம்பினார். அந்த நிலையில் இருக்கும் யாரையும் தனிப்பட்ட முறையில் குத்தக்கூடிய குரல் அது என்பதை மறக்கக்கூடாது.

நம்பியதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கடிதம் எழுதியவன் 1975இல் ப்ரெஸ்டன் நகரில் நடந்த ஒரு கொலையையும் தன்னுடையது என்றான். அந்தச் சம்பவ இடத்தில் கிடைத்த தடயமும், கடித உறையில் ஒட்டியிருந்த எச்சிலும் ஒரே இரத்தப் பிரிவைக் காட்டின. அதுவும் பிரிட்டனில் பரவலாக இல்லாத பி பிரிவு. எனவே எழுதியவன் ப்ரெஸ்டன் கொலைகாரன், எனவே அவனே ரிப்பர். இந்த ‘எனவே’க்கள் இரண்டுமே தவறு. ப்ரெஸ்டன் கொலை வேறொருவன் செய்தது என்று 2011இல் டி.என்.ஏ. காட்டியது. அதற்கும் முன்பே, 2005இல், உறையின் பசையில் இருந்த டி.என்.ஏ. வழியாக ஒலிநாடாவை அனுப்பியவன் அகப்பட்டான். ஜான் ஹம்பிள் என்ற, வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து ஊர்க்காரன். கொலைகளோடு அவனுக்குச் சம்பந்தமே இல்லை. 2006இல் எட்டு வருடச் சிறை கிடைத்தது.

அப்போதே எச்சரிக்கைகள் இருந்தன. குரலை ஆராய்ந்த லீட்ஸ் மொழியியல் வல்லுநர்கள் அது சண்டர்லாந்தின் ஒரு சிறு பகுதிப் பேச்சு என்று துல்லியமாகச் சொன்னார்கள். அந்த வட்டாரத்தில் தேடியும் ஆள் கிடைக்காதபோது இது ஏமாற்று வேலையாகத்தான் இருக்கும் என்றும் எச்சரித்தார்கள். கடித வாசகங்கள், 1888இல் லண்டனில் பெண்களைக் கொன்ற ‘ஜாக் த ரிப்பர்’ பெயரில் வந்த கடிதங்களைப் பார்த்து எழுதியவைபோல் இருப்பதாக வேறொரு காவல்துறையின் துப்பறிவாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். தாக்குதலில் உயிர்தப்பிய ஒரு பெண், தன்னைத் தாக்கியவன் யார்க்‌ஷயர் பேச்சுக்காரன் என்று சொல்லியே இருந்தார்.

தவறான நம்பிக்கை எல்லா வழக்கிலும் வரும். வரத்தான் செய்யும். அந்த நம்பிக்கையை விதியாக மாற்றியதுதான் இங்கே நடந்த பெரிய தவறு. 1979 செப்டம்பரில் எல்லாக் காவல் அமைப்புகளுக்கும் அனுப்பிய சிறப்பு அறிவிப்பில், ஒருவரைச் சந்தேகத்திலிருந்து கழிக்க எவையெல்லாம் போதும் என்று பட்டியல் போட்டார்கள். காலணி அளவு, இரத்தப் பிரிவு போன்றவற்றோடு பேச்சு வழக்கும் அதில் இருந்தது. வடகிழக்குப் பேச்சு இல்லாதவன் கொலைகாரன் இல்லை. ஒரு மூத்த அதிகாரியின் மனதில் இருந்த ஊகம் இப்போது ஆயிரக்கணக்கான காவலர்கள் கையில் அச்சிட்ட அளவுகோலாகிவிட்டது. அந்தக் காவலர்கள் யாரும் யோசிக்கத் தேவையில்லை, காதால் கேட்டால் போதும்.

சட்கிளிஃப் பேசியது பிராட்ஃபோர்ட் பேச்சு. ஒலிநாடா வந்த பிறகு இன்னும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள்.

ஒரு காவலரின் அறிக்கை

1979 ஜூலையில் இரண்டு துப்பறியும் காவலர்கள் வண்டிப் பதிவுகளை வைத்துச் சட்கிளிஃபின் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. உயிர்தப்பிய பெண் ஒருவர் சொல்லி வரைந்த முகப்படம் எதிரே உட்கார்ந்திருந்தவனோடு ஒத்துப்போவதாகத் தோன்றியது. பற்களுக்கு நடுவே இடைவெளியும் பொருந்தியது. பதில்கள் திருப்தி தரவில்லை. அவர் தன் சந்தேகத்தை எழுதிக் கொடுத்தார். மேலே போன அறிக்கைக்குக் கிடைத்த பதில், பேச்சு பொருந்தவில்லை, கையெழுத்து பொருந்தவில்லை, கோப்பில் வை.

இந்தக் கட்டத்தில் வகுப்பில் எப்போதும் ஒரு கோபம் வரும், பெரும்பாலும் இளம் கான்ஸ்டபிள்களிடமிருந்து. மேலதிகாரி கேட்கவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வது என்பார்கள். நியாயமான கேள்வி. நான் அறிக்கையின் வடிவத்துக்கு அவர்களைத் திருப்புவேன். “எனக்குச் சந்தேகமாக இருக்கிறது” என்பது ஒரு காவலரின் உணர்வு. அதை ஒதுக்குவது சுலபம். “இன்னின்ன மூன்று தடயங்கள் பொருந்துகின்றன, குரலும் கையெழுத்தும் பொருந்தவில்லை, குரல் போலியாக இருந்தால் இவரைக் கழிக்க வேறு எந்தக் காரணமும் நம்மிடம் இல்லை” என்று எழுதினால் அதை ஒதுக்குபவர் தன் காரணத்தையும் எழுதியாக வேண்டும். அறிக்கை எழுதும் காவலருக்கு இந்தப் பயிற்சி, பெறும் அதிகாரிக்குக் காரணம் எழுதும் கட்டாயம். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பயன் இல்லை.

யாரைப் பலியானவராக எண்ணினார்கள்

இதைக் கடைசியில் சொல்வதால் சிறியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆரம்பத்தில் கொல்லப்பட்டவர்களில் பலர் பாலியல் தொழிலாளர்கள். கொலைகாரன் அவர்களை மட்டுமே குறிவைக்கிறான் என்று முடிவுகட்டினார்கள். 1977 ஜூனில் 16 வயதுக் கடைப் பெண் ஒருவர் கொல்லப்பட்டபோது, இவர் தவறிப்போய்ப் பலியான ‘அப்பாவி’ என்ற தொனியில் பேசினார்கள். அப்படியானால் மற்றவர்கள் யார்? அந்தச் சொற்களுக்காகக் காவல்துறை வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2020இல்.

இதில் மனிதத்தன்மைக் குறை இருக்கிறது, அதோடு புலனாய்வுக் குறையும் இருக்கிறது. 1975 ஆகஸ்டில் 14 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி கிராமப்புறச் சாலையில் சுத்தியல் போன்ற ஆயுதத்தால் தாக்கப்பட்டாள். அவனோடு பேசிக்கொண்டே சிறிது தூரம் நடந்தும் இருந்தாள். முகப்படம் வரையத் துல்லியமாக உதவினாள். இன்று சட்கிளிஃபின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்தால் ஒற்றுமை தெரியும். ஆனால் ‘நம் கொலைகாரன் பள்ளி மாணவிகளைத் தாக்குவதில்லை’ என்பதால் அவள் வழக்கு இந்தத் தொடரில் சேர்க்கப்படவே இல்லை. சந்தேக நபரைக் கழிப்பது போலவே சாட்சியையும் கழித்துவிட்டார்கள். கண்ணால் கண்டவர்களில் மிகச் சிறந்தவரை.

கணினி வந்தால் போதுமா

இந்த வழக்குக்குப் பின் 1980களின் நடுவில் ஹோம்ஸ் என்ற கணினி அமைப்பு பிரிட்டன் முழுவதும் வந்தது. பெரிய வழக்குகளின் வாக்குமூலம், பெயர், வண்டி, தொலைபேசி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோக்கும் அமைப்பு. கற்பனைத் துப்பறிவாளரின் பெயர் வரும்படி எழுத்துகளை வளைத்துப் பெயர் வைத்தார்கள் என்பது வெளிப்படை. பெரிய வழக்கு அறையில் யார் எந்த வேலை செய்ய வேண்டும், தாள் எந்த வரிசையில் நகர வேண்டும் என்பதற்கும் நாடு முழுவதற்கும் ஒரே நடைமுறை வந்தது. உண்மையில் கணினியைவிட இதுதான் பெரிய மாற்றம் என்பது என் கருத்து.

“அன்றைக்குக் கணினி இருந்திருந்தால் பிடித்திருப்பார்கள்” என்று வகுப்பில் யாராவது சொல்லாமல் இருந்ததில்லை. பாதி உண்மை. மூன்று அட்டைகள் ஒரே திரையில் வந்திருக்கும். ஆனால் அதே கணினியில் ‘வடகிழக்குப் பேச்சு இல்லை என்றால் கழி’ என்று விதி போட்டிருந்தால், அவனை இன்னும் வேகமாகக் கழித்திருக்கும்.

ஆகவே ஹோம்ஸோடு வந்த ஒரு சிறு விஷயத்துக்கு நான் ஒரு முழு அமர்வு ஒதுக்குவேன்: கழித்தல் குறியீடு. விசாரிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் எண். 1 என்றால் தடயவியல் அடிப்படையில் கழிக்கப்பட்டவர். 2 அடையாள விவரம் பொருந்தாதவர். 3 சம்பந்தமில்லாத சாட்சி வேற்றிடத்தில் இருந்ததை உறுதிப்படுத்தியவர். 4 உறவினர் அல்லது நண்பர் உறுதிப்படுத்தியவர். 5 கணவன் அல்லது மனைவி உறுதிப்படுத்தியவர். 6 கழிக்கப்படாதவர். அவ்வளவுதான். ‘பார்த்தாயிற்று’ என்ற ஒரே பெட்டி ஆறு பெட்டியாகிறது. பின்னால் வழக்கு தேங்கி நிற்கும்போது தலைமை அதிகாரி 5 எண் போட்டவர்களை மட்டும் எடுத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். 1977 நவம்பரில் இந்த எண் இருந்திருந்தால், நோட்டுப் பட்டியலில் சட்கிளிஃப் பெயருக்கு எதிரே 5ம் 4ம்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று முடிவுப் பதிவேடு. தலைமைப் புலனாய்வு அதிகாரி எடுக்கும் ஒவ்வொரு முக்கிய முடிவையும், அந்த நேரத்தில் தெரிந்திருந்தது என்ன, வேறு என்ன வழிகள் இருந்தன, ஏன் இதைத் தேர்ந்தார் என்பதோடு எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். பலரும் இதை நீதிமன்றத்துக்கான கவசமாகப் பார்க்கிறார்கள். எழுதும்போதே கை நிற்பதுதான் இதன் உண்மையான பயன். “ஒலிநாடா உண்மை என்று கொள்கிறேன், காரணம்…” என்று எழுதத் தொடங்கினால், கடிதத்தில் இருந்த விவரங்கள் பத்திரிகையில் வந்தவைதானே என்ற கேள்வி பேனா முனைக்கு வந்தே தீரும்.

பிரிட்டனில் இப்போது பயிற்சி நான்கு நிலைகளில் இருக்கிறது. ரோந்துக் காவலருக்கு ஒன்று, துப்பறிவாளருக்கு ஒன்று, கொலை வழக்கைத் தலைமையேற்று நடத்துபவருக்கு ஒன்று, அதற்கும் மேலே வழிகாட்டுபவருக்கு ஒன்று. தலைமை நிலைக்கு ஹைட்ரா என்ற பாவனைப் பயிற்சியையும் பயன்படுத்துகிறார்கள். குழுக்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, ஒரு வழக்கின் தகவலைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவார்கள். முடிவையும் காரணத்தையும் தட்டச்சு செய்யாமல் அடுத்த கட்டத்துக்கு நகர முடியாது. பிறகு எல்லாக் குழுக்களும் ஓரிடத்தில் கூடி, ஒரே தகவலுக்கு ஏன் வேறு வேறு முடிவு எடுத்தோம் என்று பேசுவார்கள். கருவி இல்லாத இடத்திலும் இதைச் செய்யலாம். நான் காகிதத்தில்தான் செய்கிறேன்.

மேஜைப் பயிற்சி

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு அறுபது அட்டைகள். ஒரு கற்பனை வழக்கு. அட்டைகள் மூன்று வேறு கையெழுத்தில் இருக்கும். ஒரே ஆள் மூன்று அட்டையில் வருவான்: ஒன்றில் முழுப்பெயர், ஒன்றில் முதல் எழுத்து மட்டும், ஒன்றில் வண்டி எண் மட்டும். நாற்பது நிமிடம். பத்தாவது நிமிடத்தில் ஒரு பரபரப்பான ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுவேன். இருபதாவது நிமிடத்தில் இன்னும் இருபது அட்டைகளை மேஜையில் கொட்டுவேன். முப்பதாவது நிமிடத்தில் கதவைத் தட்டி, மேலிடத்திலிருந்து அழைப்பு, என்ன முன்னேற்றம் என்று கேட்கிறார்கள் என்பேன்.

ஒலிப்பதிவு வந்ததும் குழுவில் யாராவது ஒருவர் அட்டைகளை இரண்டு குவியலாகப் பிரிக்கத் தொடங்குவார். குரலுக்குப் பொருந்துபவர், பொருந்தாதவர். கண்ணெதிரே அது நடக்கும். கடிவாளம் கட்டிய குதிரைபோல அதன் பிறகு எல்லோர் பார்வையும் ஒரே குவியல்மேல் இருக்கும். மற்றக் குவியலை யாரும் மறுபடி தொடமாட்டார்கள். அவர்கள் தேடும் ஆள் அந்த இரண்டாம் குவியலில்தான் இருப்பான்.

அண்மையில் ஒரு வகுப்பில், ஓர் உதவி ஆய்வாளர் மூன்று அட்டைகளையும் சேர்த்துவிட்டார். வண்டி எண்ணை வைத்துப் பிடித்தார். குழுவே ஆரவாரம் செய்தது. ஆனால் காரணம் எழுதும் பத்தியில் அவர் எழுதியது: ‘விசாரித்தாயிற்று. விருந்தில் இருந்தார். மனைவி, தாய் உறுதி.’ குறியீடு 3 போட்டிருந்தார்.

ஏன் 3 என்று கேட்டேன். விருந்தில் பத்துப் பேர் இருந்தார்களே சார், எல்லோருமா மனைவி என்றார். நல்ல பதில். அப்படியானால் விருந்து எத்தனை மணிக்கு முடிந்தது என்று கேட்டேன். அட்டையைப் புரட்டினார். மணி எழுதவில்லை. சம்பவம் எத்தனை மணிக்கு? அதுவும் நள்ளிரவை ஒட்டி என்றுதான் இருந்தது. விருந்து முடிந்ததும் விருந்தினரை யார் வீட்டில் கொண்டுபோய் விட்டது என்றேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

1977 அக்டோபர் 9 இரவில் நடந்ததும் அதுவேதான். விருந்து முடிந்தது. சட்கிளிஃப் பெற்றோரைக் காரில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டான். அங்கிருந்து வீடு திரும்பாமல் மான்செஸ்டருக்கு வண்டியைத் திருப்பினான். ஒரு மணி நேரப் பயணம். தாய் அவனைக் கடைசியாகப் பார்த்தது எத்தனை மணிக்கு, மனைவி திரும்ப அவனைப் பார்த்தது எத்தனை மணிக்கு என்ற இரண்டு கேள்விகளுக்கு நடுவில் அவன் போய்வந்த நேரம் முழுவதும் இருந்தது.

உதவி ஆய்வாளர் 3ஐ அடித்துவிட்டு 6 என்று எழுதினார். பக்கத்தில், சிறிய எழுத்தில், ‘விருந்துக்குப் பின்?’ என்று சேர்த்தார்.